பனிக்காலப் பாடத்தைச் செப்டம்பரில் தொடங்குங்கள்: விலங்குகளின் குளிர்காலத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் சனிக்கிழமை காலைகளில் நான்கு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். முதலாம் ஆண்டில், விலங்குகள் குளிர்காலத்தை எப்படிக் கடக்கின்றன என்ற பாடத்தை ஜனவரி நடுப்பகுதியில் வைத்தேன். அச்சடித்த பன்னிரண்டு படங்களைச் சுவரில் ஒட்டி, நாற்பது நிமிடம் பேசினேன். என்ன விளங்கியது என்று கடைசியில் கேட்டபோது ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, "எல்லாம் நித்திரை கொள்ளும், ரீச்சர்" என்றாள். சரியாக அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே வேலியின் மேல் ஒரு கறுப்பு அணில் ஓடியது. "அப்படியென்றால் அது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என் பன்னிரண்டு படங்களிலும் பதில் இருக்கவில்லை.

அதன்பிறகு மூன்று குளிர்காலங்கள் இந்தப் பாடத்தை மாற்றி மாற்றி நடத்திவிட்டேன். புதிதாகத் தொடங்கும் பெற்றோரும் தொண்டர் ஆசிரியர்களும் நான் இழந்த முதல் ஆண்டை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இதில் சொல்லும் மாதங்களும் பெரும்பாலான விலங்குகளும் ரொறன்ரோ பகுதிக்கு உரியவை.

1. நாட்காட்டியை முதலில் போடுங்கள்

குளிர்காலப் பாடத்தைக் குளிர்காலத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஜனவரியில் பிள்ளைக்குக் காட்ட வெளியே மிகக் குறைவாகவே இருக்கும். விலங்குகள் தங்கள் வேலையை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுகின்றன. அதைப் பார்க்காத பிள்ளைக்கு, நீங்கள் சொல்வது வெறும் கதை.

நான் இப்போது எட்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் மட்டும் ஒதுக்குகிறேன். அதற்கு மேல் இந்த வயதினர் உட்கார மாட்டார்கள்.

செப்டம்பரில் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. இங்கிருந்து மத்திய மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறக்கிறது. உங்கள் வகுப்பு ஸ்காபரோவில் என்றால் ஒன்றைச் சொல்லாமல் விடாதீர்கள்: அது எங்கே போகிறது என்று பல ஆண்டுகள் தேடிய பிரெட் ஏர்குஹார்ட், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவரும் மனைவி நோராவும் தொண்டர்களைச் சேர்த்து, இறக்கைகளில் சிறு காகிதத் துண்டுகளை ஒட்டி அனுப்பினார்கள். 1975-இல் அந்த இடம் தெரியவந்தது. தங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒருவர் இதைச் செய்தார் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அக்டோபரில் அணில்களும் தெற்கே போகும் வாத்துக் கூட்டங்களும். நவம்பரில் இலை முழுவதும் கொட்டிய பிறகு, மரக் கிளைகளில் கால்பந்து அளவில் இலைக் குவியல்கள் தெரியும். அவை அணில் கூடுகள். அக்டோபரில் அதே மரத்தின் கீழ் நின்றால் ஒன்றும் தெரியாது. ஒரே மரத்தை இரண்டு மாதமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அது வகுப்பறைக்குள் கையால் செய்யும் வேலைகளுக்கான மாதம். ஜனவரியில் வெண்பனியில் கால் தடங்கள். பெப்ரவரி 2, கிரவுண்ட்ஹாக் நாள் (கிரவுண்ட்ஹாக் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு கொறிவிலங்கு). அன்று எல்லாப் பள்ளிகளிலும் அந்த விலங்கைப் பற்றிப் பேசுவார்கள், நீங்களும் அந்த வாரத்தைப் பயன்படுத்துங்கள். கடைசி வகுப்பு ஏப்ரலில்.

2. படிவங்கள்: ஆகஸ்ட்டிலேயே கையில் இருக்க வேண்டும்

முதலில் காவல்துறைச் சரிபார்ப்பு. பிள்ளைகளோடு வேலை செய்யும் பெரியவர் ஒவ்வொருவருக்கும், உதவிக்கு வரும் அம்மா அப்பாவுக்கும்கூட, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுடன் பணிபுரிவோருக்கான சரிபார்ப்பை எங்கள் வகுப்பு கேட்கிறது. இது சில வாரங்கள் எடுக்கும். ஓர் ஆண்டு நான் அக்டோபர் நடுவில் விண்ணப்பிக்கச் சொன்னேன். நவம்பரில் பூங்காவுக்குப் போகும் நடைக்கு வருவதாக இருந்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்குத்தான் கடிதம் வந்து சேர்ந்தது. நடையை ரத்துச் செய்தோம்.

அடுத்தது பெற்றோர் அனுமதிப் படிவம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாள், இடம், நேரம், இரண்டு தொலைபேசி எண்கள், ஒவ்வாமை, எடுக்கும் மருந்து, பிள்ளையை யார் அழைத்துப் போவார் என்பவை போதும். புகைப்படத்துக்கான சம்மதத்தைத் தனிக் கையெழுத்தாக வையுங்கள். நடைக்குச் சம்மதித்த பெற்றோர் எல்லோரும் படத்துக்குச் சம்மதிப்பதில்லை. சுகாதார அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். ஒன்ராறியோ சட்டப்படி, மருத்துவ சேவை வழங்காத எம்மைப் போன்றவர்கள் அந்த அட்டையைக் கட்டாயமாகக் கேட்க முடியாது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் அச்சடியுங்கள். பல வீடுகளில் படிவத்தை வாசிப்பவர் அம்மம்மா, கையெழுத்திடுபவர் வேலை முடிந்து இரவில் வரும் அப்பா.

3. சொற்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பாடத்தில் நான் அதிகம் தடுமாறிய இடம் 'பனி' என்ற ஒரே சொல். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பனி என்றால் வானத்திலிருந்து வெள்ளையாக விழுவது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மம்மாவுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. "பனியில் நடந்தால் கால் ஈரமாகும், அவ்வளவுதான் என்று அம்மம்மா சொன்னா" என்று ஒரு பையன் வந்து நின்றான். அவர் சொன்னதும் சரிதான். அதனால் முதல் வகுப்பிலேயே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: விழுவது வெண்பனி, உறைந்த தண்ணீர் பனிக்கட்டி, விடியலில் புல்லில் நிற்பது பனித்துளி. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் பனித்துளியைப் பற்றிக் கேட்கிறார்கள். அது நான் எதிர்பார்க்காத நல்ல பேச்சுகளைத் திறந்துவிட்டிருக்கிறது.

விலங்குகளுக்கு மூன்று வினைச்சொற்கள் போதும்: போகிறது, உறங்குகிறது, தாங்குகிறது. எந்த விலங்கைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது என்று பிள்ளை கேட்கப் பழகட்டும். பெயர்ச்சொற்கள் பிறகு தானாக வரும். பறவைகள் போவதற்கு 'வலசை' என்ற அழகான பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதன் ஓசை பிடிக்கும். 'குளிர்கால உறக்கம்' என்பதை டிசம்பர் வரை சொல்லாதீர்கள். முதலில் சொன்னால் எல்லா விலங்கையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள்.

இன்னொரு பொறி: குளிரில் உறைந்து வசந்தத்தில் மீண்டும் உயிர்க்கும் தவளையை (ஆங்கிலத்தில் wood frog) சில வழிகாட்டிகளில் 'மரத்தவளை' என்று எழுதியிருப்பார்கள். மரத்தில் ஏறும் தவளை வேறு. இது தரையில், சருகுக்குள் வாழ்வது. நான் 'காட்டுத் தவளை' என்று சொல்கிறேன்.

4. ஐந்து விலங்குகள் போதும்

பன்னிரண்டு படங்கள் காட்டிய ஆண்டில் ஒன்றும் நிலைக்கவில்லை. இப்போது ஐந்து மட்டும். பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கக்கூடியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். துருவக் கரடியும் பென்குவினும் ரொறன்ரோவில் வாழ்பவை இல்லை. அவற்றைத் தொடாமல் விடுவது நல்லது.

அணில். இது உறங்குவதில்லை. கொட்டைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் புதைத்து, குளிர் முழுவதும் தோண்டித் தின்கிறது. கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் இங்கே ஒரே இனம், நிறம்தான் வேறு. இதைக் கேட்டு வியக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கிரவுண்ட்ஹாக். உண்மையாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு எண்பது தடவை அளவில் அடிக்கும் இதயம், உறக்கத்தில் ஐந்து, பத்துத் தடவையாகக் குறைகிறது. உடம்பும் மண்ணைப் போலக் குளிர்ந்துவிடுகிறது.

கருங்கரடி. நகருக்குள் இல்லை, வடக்கே காடுகளில் வாழ்வது. இதைக் கிரவுண்ட்ஹாக்குடன் ஒன்றாகப் போடாதீர்கள். கரடியின் உடற்சூடு சில பாகைதான் குறைகிறது. தொந்தரவு செய்தால் எழுந்துவிடும். தாய்க்கரடி ஜனவரி அளவில் குகைக்குள் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கிறது.

சிக்கடீ. கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும் சின்னஞ்சிறு குருவி. எங்கேயும் போகாமல் இங்கேயே தாங்குகிறது. பிள்ளையின் உள்ளங்கையில் கால் டொலர் நாணயங்கள் மூன்றை வையுங்கள். அதன் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். நாணயம் வைத்த பிள்ளை கையை மூடிக்கொண்டு, "இவ்வளவு சின்னது வெளியிலயா இரவு முழுக்க?" என்று கேட்டாள். ஆமாம். இறகுகளைப் பந்துபோல் உப்பவைத்துக்கொள்கிறது. இரவில் உடற்சூட்டைச் சில பாகை தானே குறைத்து, கொழுப்பை மிச்சம் பிடிக்கிறது.

காட்டுத் தவளை. இதைக் கடைசிக்கு வையுங்கள். சருகுக்குள் கிடந்து, உடம்பிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகிறது. இதயம் நிற்கிறது. மூச்சு நிற்கிறது. கல்லீரல் வெளியிடும் சர்க்கரை உயிரணுக்களைக் காப்பாற்றி வைக்கிறது. வசந்தத்தில் உருகி, இதயம் மீண்டும் துடிக்கிறது. ஒட்டாவாவில் கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும் அதே மூச்சில் எச்சரிக்கையையும் சொல்லுங்கள். வீட்டு மீனையோ வேறு எந்த உயிரையோ உறைபெட்டியில் வைத்தால் இறந்துவிடும். பாடம் முடிந்த மாலை ஒரு தாய் எனக்குத் தொலைபேசியில் பேசினார். மகன் மீன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறான். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் இந்த எச்சரிக்கையை மறந்ததில்லை.

5. கையால் செய்யும் வேலைகள்

கைதட்டல். செலவு இல்லை. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் வேகமாக எண்பது தடவை தட்டச் செய்யுங்கள். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். பிறகு, "இப்போது கிரவுண்ட்ஹாக் உறங்குகிறது, நிமிடத்துக்கு ஐந்து" என்று சொல்லி, பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை நீங்கள் விரலை உயர்த்தும்போது மட்டும் தட்ட வேண்டும். முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் வகுப்பு அடங்கிவிடும். மூன்றாவதுக்குக் காத்திருக்கும்போது சிலர் தங்கள் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடம் என் நாற்பது நிமிடப் பேச்சைவிட அதிகம் கற்பித்தது.

கொழுப்புக் கையுறை. ஒரு கட்டித் தாவரக் கொழுப்பு, வாயை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை நான்கு, ஒரு வாளி பனிக்கட்டித் தண்ணீர். ஒரு பைக்குள் கொழுப்பைப் போட்டு, இன்னொரு பையை அதற்குள் நுழைத்து, விளிம்புகளை ஒட்டுப்பட்டியால் சுற்றுங்கள். உள்பைக்குள் கைவிட்டுத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். மற்றக் கைக்கு வெறும் பைகள். ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணியதும் கையை எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்ற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். எனக்கு எல்லாமாகப் பத்து டொலருக்குள் முடிந்தது. கடையில் 'லார்ட்' என்று எழுதியதை எடுத்துவிடாதீர்கள், அது பன்றிக் கொழுப்பு. சைவ வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். கொழுப்பு போர்வை மட்டும் என்று நிறுத்தாமல், அதுவே குளிர்காலச் சாப்பாடும் என்று சொல்லுங்கள். கரடி மாதக்கணக்கில் அதைத்தான் எரித்து உயிர்வாழ்கிறது.

வெந்நீர்ப் போத்தல்கள். பல வழிகாட்டிகள் இதற்கு ஜெலி கரைசல் வைக்கச் சொல்கின்றன. ஜெலற்றின் விலங்கிலிருந்து வருவது, பிள்ளைகள் வாயிலும் வைப்பார்கள். இளஞ்சூடான தண்ணீரே போதும். மூன்று சிறு போத்தல்கள்: ஒன்று எதையும் சுற்றாமல், ஒன்று காய்ந்த இலை நிறைந்த பைக்குள், ஒன்று ஈரக் காலுறைக்குள். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, சமையல் வெப்பமானியால் பாருங்கள். உலர்ந்த இலைக்குள் இருந்ததுதான் அதிகச் சூடாக இருக்கும். அணில் கூடு ஏன் இலையால் ஆனது என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. இலைகளை அக்டோபரிலேயே பொறுக்கி உலர்த்தி வையுங்கள். டிசம்பரில் தேடினால் ஈரச் சேறுதான் கிடைக்கும்.

ஒளித்துவைக்கும் விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் பெரிய பாசிமணிகள். அணிலைப் போல வகுப்பறையில் ஒளித்துவைத்து, அன்றே வகுப்பு முடிவதற்குள் தேட வேண்டும். அடுத்த சனிக்கிழமை வரை விட்டுவைக்காதீர்கள். அந்த அறை வார நாட்களில் வேறு ஆசிரியருடையது.

பறவைகளுக்குத் தொங்கவிட, வேர்க்கடலை வெண்ணெய் பூசிய பைன் காய் செய்யும் யோசனை எல்லா இடத்திலும் கிடைக்கும். ஒவ்வாமைக்காக அதை முற்றாகத் தவிருங்கள். சூரியகாந்தி விதைப் பைகளிலும் கடலை கலந்திருக்கலாம் என்ற குறிப்பைத் தேடிப் பாருங்கள். செய்ததை எங்கே தொங்கவிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ரொறன்ரோவின் பூங்காக்களில் காட்டு விலங்குகளுக்கு உணவு வைக்கக்கூடாது. நாங்கள் இதைக் கைவிட்டுவிட்டோம், பாடத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

6. வெளியே போகும் நாள்

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகரப் பஸ்ஸில் பன்னிரண்டு வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இலவசம். எனவே செலவு பெரியவர்களின் டிக்கெட்டுகள் மட்டுமே. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. வெளியே இருக்கும் நேரம் நாற்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கழிப்பறை எங்கே, குளிர்காலத்தில் திறந்திருக்குமா என்பதை முந்திய வாரமே நேரில் போய்ப் பாருங்கள்.

காற்றுக் குளிர் அளவைக் காலையில் பாருங்கள். அது கழித்தல் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை சொல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு நான் கழித்தல் 15-இலேயே நிறுத்திவிடுகிறேன். ஒரு பையில் மேலதிகக் கையுறை ஆறு சோடி கொண்டுபோங்கள். நனைந்த கையுறையோடு நிற்கும் பிள்ளைக்கு விலங்கைப் பற்றிய எந்தச் சொல்லும் காதில் ஏறாது.

என்ன பார்க்கலாம்? கோல்டன்ரொட் செடிகளைத் தேடுங்கள். காய்ந்து நிற்கும் தண்டுகள் சிலவற்றில் போளை (கோலிக்குண்டு) அளவில் உருண்டையாக ஒரு வீக்கம் இருக்கும். அதற்குள் ஒரு சின்னப் புழு குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கிறது. வசந்தத்தில் ஈயாக வெளியே வரும். சில உருண்டைகளில் ஒழுங்கற்ற ஓட்டை இருக்கும். சிக்கடீ கொத்திப் புழுவைத் தின்றுவிட்டது என்று பொருள். ஓட்டை உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். உறங்குகிற ஒன்றும் தாங்குகிற ஒன்றும் ஒரே தண்டில் சந்தித்த இடம் அது. பறிக்கக்கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து செடியோ கல்லோ எடுக்க அனுமதி இல்லை. வகுப்புக்கு ஒன்று வேண்டுமென்றால் யாருடைய வீட்டுப் பின்வளவிலாவது கேட்டு வாங்குங்கள்.

7. பிள்ளைகள் கேட்பவை

"கரடிக்கு மூத்திரம் வராதா?" கட்டாயம் கேட்பார்கள், வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். உறங்கும் மாதங்களில் கரடி கழிப்பதில்லை. உடம்பு அந்தக் கழிவையே திரும்ப எடுத்துத் தசைகளைக் காப்பாற்றிக்கொள்கிறது.

"இந்த வாத்து யாழ்ப்பாணம் போகுமா?" போகாது. இங்குள்ளவை தெற்கே அமெரிக்காவுக்குப் போகின்றன. பல போகாமல் ரொறன்ரோவிலேயே நின்றும்விடுகின்றன. ஆனால் அம்மம்மாவின் ஊருக்கும் குளிர்காலத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள். ஆசியாவின் வடக்கிலிருந்து கிளம்பும் பறவைகள் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடலேரிகளிலும் கோடியக்கரையிலும் இறங்குகின்றன. அந்தப் பக்கத்துப் பாதை வேறு, இந்தப் பக்கத்துப் பாதை வேறு என்பதை உலக உருண்டையில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

"எல்லாம் உயிரோடு திரும்பி வருமா?" வராது. அந்த ஆண்டு பிறந்தவை பல குளிரைத் தாண்டுவதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. மெதுவாக, ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, பிள்ளை மேலும் கேட்டால் மட்டும் தொடருங்கள். ஆறு வயதுப் பிள்ளை என் பதிலைக் கேட்டு யோசித்துவிட்டு, "அதுதான் அணில் அவ்வளவு அவசரமா ஓடுது" என்றாள்.

8. கடைசி வகுப்பை ஏப்ரலுக்கு வையுங்கள்

பலர் மார்ச்சில் பாடத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டு வாரம் பொறுங்கள். மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில், வெண்பனி உருகிக் காட்டுக்குள் தேங்கும் குட்டைகளின் பக்கம் காட்டுத் தவளைகள் கத்தத் தொடங்கும். வாத்துகள் கத்துவதுபோலவே இருக்கும். பிள்ளைகள் தண்ணீரில் வாத்தைத் தேடுவார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள். குட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். காலடி கேட்டால் அவை அமைதியாகிவிடும், நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கும். கடந்த ஆண்டு அப்படி நின்றபோது, ஒரு பையன் தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.